பந்து மெஷினோடு தனியாக டென்னிஸ்: இரண்டு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

எதிரில் ஆள் இல்லாமலே நமக்குப் பந்து போட்டுக்கொடுக்கும் டென்னிஸ் பந்து மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வேறு யாரும் காத்திருக்காத கோர்ட் உங்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? வேகம், பேட்டரி, ரிமோட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும் கிளப் கோர்ட்டில், ஒருவர் மட்டும் மெஷினை நிறுத்தி வைத்து நூறு பந்து அடித்துக்கொண்டிருக்க முடியாது. முடிந்தாலும் அது நியாயமில்லை. கூட்ட நேரத்தில் மெஷினை உள்ளே விடாத கிளப்புகள் உண்டு. அவர்கள் செய்வது சரி என்றே சொல்வேன்.

எனக்கு அப்படி ஒரு கோர்ட் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே ஒரு சிந்தடிக் கோர்ட். வார நாட்களில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை அதில் பெரும்பாலும் ஆள் இருக்காது. எனக்கு வங்கி வேலை, எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். வயது ஐம்பதை நெருங்குகிறது. மூத்த பெண்கள் பிரிவில் உள்ளூர்ப் போட்டிகளில் அவ்வப்போது ஆடுகிறேன், இன்னும் நன்றாக ஆட வேண்டும் என்ற ஆசை துளியும் குறையவில்லை. காலையில் என்னோடு ஆடிக்கொண்டிருந்த தோழி பெங்களூருக்கு மாற்றலாகிப் போனதும் இந்த மெஷினை வாங்கினேன். அதற்கப்புறம் இரண்டு வடகிழக்குப் பருவமழை வந்து போய்விட்டது. மெஷினும் நானும் நன்றாகப் பழகிவிட்டோம், எனவே இப்போது எழுதலாம்.

பிராண்ட் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. இரண்டு சக்கரம், பேட்டரி, ரிமோட் உள்ள நடுத்தர வகை மெஷின் என்றால் போதும். நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் அந்த வகை முழுவதற்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் பராமரிப்பு எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மேலே பந்தைக் கொட்டும் தொட்டி, அதற்கு ஹாப்பர் என்று பெயர். அதன் அடியில் பள்ளம் பள்ளமாக உள்ள ஒரு தட்டு மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பந்து விழுந்து, துளை வழியாகக் கீழே உருண்டு, எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே போகும். சக்கரங்கள் பந்தை இறுக்கிப் பிடித்து வெளியே தள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் பந்து சுழலாமல் நேராக வரும். மேல் சக்கரம் வேகமாகச் சுற்றினால் பந்து முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பின், கீழ்ச் சக்கரம் வேகமாகச் சுற்றினால் பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின். பந்து வெளிவரும் வாய் எந்தக் கோணத்தில் தூக்கி நிற்கிறது என்பதைப் பொறுத்து தாழ்வாகப் பாயும் டிரைவிலிருந்து தலைக்கு மேல் உயரமாக வரும் லாப் வரை கிடைக்கும். இடவலமாகத் திரும்பும் வசதியை இயக்கினால் பந்து ராக்கெட் பிடிக்கும் கைப்பக்கமான ஃபோர்ஹேண்டுக்கும் மறுபக்கமான பேக்ஹேண்டுக்கும் மாறி மாறி வரும், அல்லது எங்கே வரும் என்றே தெரியாமல் வரும்.

சந்தையில் இதற்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஸ்பின்ஷாட் பிளேயரில் ஒவ்வொரு பந்துக்கும் வேகம், உயரம், திசை, சுழற்சி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒரு டிரில்லாக, அதாவது தொடர் பயிற்சியாக, கோக்கலாம். அமெரிக்க லாப்ஸ்டர் எலைட் வரிசையில் 150 பந்து கொள்ளும் தொட்டியும், மணிக்கு 80 மைல் வரை, அதாவது 130 கிலோமீட்டர் அளவுக்கு வேகமும் தருகிறார்கள். ஸ்லிங்கர் பேக் என்பது இழுத்துக்கொண்டு போகும் பயணப் பை வடிவில் இருக்கும், காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது வசதி. சக்கரமே இல்லாமல் காற்றழுத்தத்தில் பந்தைத் தள்ளும் மெஷின்களும் உண்டு. இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. விம்பிள்டன் பட்டத்தை 1925-லும் 1928-லும் வென்ற பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்ட், முதலைச் சின்னச் சட்டைக்குப் பெயர் தந்த அதே லாகோஸ்ட், தன் பயிற்சிக்காகக் கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பந்து மெஷினை 1920-களின் கடைசியிலேயே செய்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே எதிரில் ஆள் இல்லாமல் பந்து தேவைப்பட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உற்சாகம் தரும் விஷயம்.

சரி, காசுக் கணக்கு. என் கைக்கு வந்து சேர்ந்தபோது சுங்க வரி, அனுப்புகிற செலவு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய். சென்னை கிளப்புகளில் ஆடியவர்களுக்கு மார்க்கர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு நமக்கு எதிரில் நின்று ஆடிக்கொடுக்கும், பெரும்பாலும் நம்மைவிடப் பல மடங்கு நன்றாக ஆடத் தெரிந்த மனிதர். என் மார்க்கருக்கு ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கொடுக்கிறேன். அப்படியானால் மெஷின் விலைக்கு அவரோடு 375 மணி நேரம் ஆடியிருக்கலாம். வாரத்துக்கு இரண்டு மணி என்று வைத்தால் மூன்றரை வருஷத்துக்கும் மேல். இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் மெஷின் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். காரணம் ஒன்றுதான்: காலை ஐந்தரைக்கு எங்கள் குடியிருப்புக்கு வரக்கூடிய மார்க்கர் கிடையாது. என் மார்க்கரை நான் இப்போதும் விடவில்லை. சனிக்கிழமைகளில் கிளப்பில் அவரோடுதான் ஆடுகிறேன்.

மெஷின் விலையோடு செலவு முடிவதில்லை. அடுத்தது பந்து. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை, என் அனுபவத்தில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நல்ல பந்து மூன்று கொண்ட டப்பா ஐந்நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. தொட்டியில் நூறு பந்தாவது இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக இருக்கும். புதிதாகவே வாங்குவதானால் 34 டப்பா, அதாவது பதினேழாயிரம் ரூபாய். சரி, வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். டப்பாவில் வரும் சாதாரணப் பந்தின் உள்ளே காற்று அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. டப்பாவைத் திறந்த நிமிஷத்திலிருந்து அது ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அடித்தாலும் கசியும், அடிக்காமல் வைத்தாலும் கசியும். சில வாரங்களில் பந்து சவசவ என்று ஆகிவிடும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் வழக்கமான பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். அதாவது விட்ட உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். நான் பந்தைத் தலை உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கிறேன். பாதிக்குக் கீழே நின்றுவிட்டால் அது தனிப் பைக்குப் போகும். அந்தப் பைக்காக எங்கள் குடியிருப்புப் பையன்கள் காத்திருப்பார்கள். மாலையில் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் கிரிக்கெட்டுக்கு அந்தப் பந்துதான்.

பழையதும் புதியதும் கலந்து போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே அமைப்பில், ஒரே கோணத்தில், ஒரு பந்து வலைக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே உள்ள சர்வீஸ் லைனில் விழும், அடுத்தது அந்தக் கடைசிக் கோடான பேஸ்லைனுக்கு ஓரடி முன்னால் விழும். மெஷின் கெட்டுப்போனது என்று தோன்றும், ஆனால் மெஷின் மேல் எந்தத் தப்பும் இருக்காது. மேற்பரப்புக் கம்பளி உப்பிப்போன பந்தைச் சக்கரம் ஒரு மாதிரி பிடிக்கிறது, தேய்ந்து மொட்டையான பந்தை வேறு மாதிரி பிடிக்கிறது, காற்றுப் போன பந்து நடுவில் அமுங்கி வழுக்கிவிடுகிறது. அதனால் நூறு பந்தும் ஏறக்குறைய ஒரே வயதில் இருக்க வேண்டும். நான் கிளப்பிலிருந்து, ஒரே சமயத்தில் திறந்து ஒரு சில நாள் மட்டும் ஆடிய பந்துகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குகிறேன். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் லாபம்தான்.

உள்ளே அழுத்தக் காற்று இல்லாத பந்துகளும் கிடைக்கின்றன. அவை ரப்பரின் பலத்தில் எழும்புபவை, மாதக்கணக்கில் துள்ளல் குறையாது. கம்பளி தேயத் தேய இன்னும் துள்ளலாகிவிடும். மெஷினுக்கு இதுதான் சரியான பந்து என்று பலரும் சொல்வார்கள், பணக் கணக்கில் அது உண்மை. ஆனால் ராக்கெட்டில் படும்போது அது கட்டையாக இருக்கிறது. ஒரு மணி நேரம் அடித்த அன்று என் முழங்கையில் அதை உணர்ந்தேன். மெஷின் பயிற்சியில் அடிக்கும் பந்தின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், இந்த விஷயத்தில் நான் கையின் பக்கம்தான். இளம் வயதில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலி வந்து போனவர்கள் பக்கத்தில்கூடப் போக வேண்டாம்.

ஈரம் இன்னொன்று. சென்னையில் விடியற்காலைக் காற்றே ஈரமாக இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். கோர்ட்டில் ஒரு மூலையில் தேங்கிய தண்ணீரில் உருண்ட நாலு பந்து தொட்டிக்குள் போனால் போதும், சக்கரம் வழுக்க ஆரம்பிக்கும். சக்கரம் நனைந்தபின் காய்ந்த பந்தும் சரியாக வராது. மழைக்காலத்தில் கையில் ஒரு பழைய துண்டோடுதான் பந்து பொறுக்குகிறேன். சந்தேகமாக இருக்கும் பந்து தொட்டிக்குப் போகாது, வலைக்கம்பத்தின் பக்கத்தில் ஒதுங்கும்.

சக்கரத்தைச் சுத்தம் செய்வது பற்றி விற்பவர் யாரும் சொல்வதில்லை. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எங்கு பார்த்தாலும் இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த தூசி. பந்துகளிலிருந்து உதிர்ந்த கம்பளி அது. சக்கரத்தின் ரப்பர் மேல் அது வழவழவென்று ஒரு படலமாக ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பித் திருப்பித் துடைப்பேன். முதல் துணி கரும்பச்சையாக வரும், இரண்டாவது சாம்பல் நிறமாக, மூன்றாவது ஏறக்குறையச் சுத்தமாக. அப்போது ரப்பரில் விரல் வைத்தால் லேசாக ஒட்டும், அந்த ஒட்டுதல்தான் வேண்டும். முன்பு நீளத்தில் அலைபாய்ந்த பந்து அன்று காலை முழுவதும் ஒரே இடத்தில் விழும். கட்டாயம் மெஷினின் சுவிட்சை அணைத்து, பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அந்தச் சக்கரங்களுக்குக் கண் கிடையாது. குழந்தைகளையும் மெஷின் பக்கத்தில் விடவே கூடாது. வாய்க்கு நேராகக் குனிந்து எட்டிப் பார்க்கத்தான் அவர்களுக்கு ஆசை வரும்.

தொட்டியில் பந்து சிக்குவதும் உண்டு. ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு மூன்று பந்து வளைவாக நின்றுவிடும், அடியில் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் நாம் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்போம். பெரும்பாலும் உப்பிய பந்துதான் காரணம். விளிம்பு வரை நிரப்பாமல் தொண்ணூறு பந்தோடு நிறுத்திக்கொண்டபின் எனக்கு இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இனிப் பயிற்சி. என் பலவீனம் பேக்ஹேண்ட் ஸ்லைஸ். தாழ்வாக வரும் பந்தை வெட்டி, வலைக்கு மேல் அதிகம் எழும்பாமல் மறுமுனைக்கு ஆழமாக அனுப்ப வேண்டும். ஆட்டத்தில் இந்த அடி எத்தனை முறை வரும்? ஒரு செட்டில் அதிகம் போனால் பத்து, பன்னிரண்டு. மெஷினை எதிர்ப்பக்கப் பேஸ்லைனில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, கோணத்தைக் குறைத்து, ஆறு விநாடிக்கு ஒரு பந்து என்று அமைத்துவிட்டால் ஒன்பது நிமிஷத்தில் தொண்ணூறு ஸ்லைஸ். இந்த எண்ணிக்கைதான் மெஷினின் முழு நியாயமும். வேறு எந்த வழியிலும் எனக்கு இது கிடைத்திருக்காது. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் பெண்களுக்கான சென்னை ஓபன் நடந்தது. பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்த்தோவா பட்டம் வென்ற போட்டி அது. அங்கே ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பந்து போட்டுக்கொடுக்க ஒருவர், திருத்த ஒருவர். நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பந்து போட்டுக்கொடுக்கும் அந்த ஒருவரின் வேலையை மெஷின் செய்கிறது. திருத்துகிறவரின் வேலையைச் செய்வதில்லை.

ஆறு விநாடி என்று சொன்னேன், அது முக்கியம். வாங்கியவர்கள் பலரும் மூன்று விநாடிக்கு ஒன்று வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உடம்புக்கு நல்ல உழைப்பு, டென்னிஸுக்கு அவ்வளவு நல்லதல்ல. அடித்துவிட்டு நடுவுக்குத் திரும்ப நேரம் வேண்டும், அடுத்த பந்துக்கு முன் இரண்டு காலையும் ஊன்றித் துள்ளும் ஸ்பிளிட் ஸ்டெப்புக்கு நேரம் வேண்டும். நேரம் இல்லையென்றால் கால் நின்ற இடத்திலேயே நிற்கும், கை மட்டும் வேலை செய்யும். வேகத்திலும் அப்படித்தான். என் பிரிவில் எதிரில் ஆடுகிறவர்கள் அடிக்கும் வேகத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. 130 கிலோமீட்டர் போடும் என்று விளம்பரத்தில் இருப்பதை நான் ஒருநாளும் தேடிப் போனதில்லை.

எதிர்ப்பக்கம் குறிக்கு நாலு காலி டப்பாக்களைப் பேஸ்லைனுக்கு இரண்டடி முன்னால் நிறுத்துகிறேன். தொண்ணூறில் எத்தனை அந்தப் பக்கம் ஆழமாகப் போயின என்று பந்து பொறுக்கும்போதே தெரிந்துவிடும், ஏனென்றால் ஆழமாக அடித்தவை எல்லாம் பின்வேலியில் கிடக்கும், வலையில் அடித்தவை இந்தப் பக்கமே கிடக்கும். பொறுக்குவதை அலுப்பு என்று நினைக்காதீர்கள். எனக்கு எட்டு, பத்து நிமிஷம் ஆகும். குனியாமல் அழுத்தி எடுக்கும் கம்பிக்கூடை ஒன்று கட்டாயம் வாங்குங்கள், முதுகு உங்களை வாழ்த்தும். ஒன்றே கால் மணி நேரத்தில் மூன்று முறை தொட்டி நிரப்பி, மூன்று முறை பொறுக்கலாம். அந்த இடைவெளிகளில் மூச்சும் நிதானமாகும்.

மெஷினால் முடியாதது என்ன என்பதை என் மார்க்கர்தான் ஒரே பார்வையில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக்கு வந்து, கால்மணி நேரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

“மேடம், ஸ்லைஸ் அருமையா வந்துடுச்சு. ஆனா பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ராக்கெட் பின்னால போயிடுது பாருங்க. அது பேக்ஹேண்டுக்குத்தான் வரும்னு உங்களுக்குத் தெரியும். மேட்ச்ல யார் சொல்லப் போறாங்க?”

“அப்ப என்ன பண்ணட்டும் அண்ணா?”

“எங்க வரும்னு தெரியாம வைங்க. வேகத்தைக் குறைங்க. பந்து சக்கரத்துல விழற சத்தம் கேக்குதுல்ல, அந்தச் சத்தத்துக்குக் காலை ஊனுங்க. அப்புறம் திரும்புங்க.”

நான் பெற்ற மிகச் சிறந்த மெஷின் ஆலோசனை இதுதான். மனிதர் எதிரில் இருந்தால் தோள் திரும்புவதையும் ராக்கெட் முகத்தையும் பார்த்துப் பந்து எங்கே வரும் என்று கண் முன்கூட்டியே படித்துவிடும். மெஷினில் படிக்க எதுவும் இல்லை. ஆனால் காது கொடுத்தால், பந்து துளையில் உருளும் சத்தமும், சக்கரத்தில் மாட்டும்போது மோட்டாரின் ரீங்காரம் ஒரு கணம் தாழ்வதும் கேட்கும். இப்போது முதல் தொட்டியை ஒரே அடிக்கு, நிலையான இடத்துக்கு என்று வைக்கிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே வரும் என்று தெரியாத அமைப்பில். வாங்கும்போது இந்த வசதியைக் கவனமாகப் பாருங்கள். சில மெஷின்களில் உடம்பே திரும்பும், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நமக்கு நன்றாகத் தெரிந்துவிடும். உள்ளே மட்டும் திரும்பும் வகையில் அது தெரியாது. விலை கூடினாலும் இரண்டாவதுக்கே போங்கள்.

சர்வ் பயிற்சிக்கு மெஷின் தேவையே இல்லை, ஒரு கூடைப் பந்து போதும். பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலிக்கு நன்றாக இருக்கிறது. உயரத் தூக்கிப் போடும் லாபில், தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் பழகவும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மனிதரை நிற்க வைத்து ஐம்பது லாப் போடுங்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். முன்னேறி வந்து அடித்து, உடனே வலையில் வாலி என்ற தொடர் பயிற்சி என் மெஷினில் வராது. அதற்கு ஒவ்வொரு பந்தையும் தனியாகப் பதிவு செய்யும் வகை வேண்டும். இரட்டையர் ஆட்டம் அதிகம் ஆடுகிறவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

பேட்டரி விஷயம். என்னுடையது பழைய மாதிரி லெட்-ஆசிட் பேட்டரி, 12 வோல்ட். கனம் அதிகம். மெஷினைத் தூக்கவே முடியாது, சக்கரத்தில் உருட்டலாம். லிஃப்ட் இருப்பதால் பிழைத்தேன். மாடிப்படி ஏற வேண்டிய வீட்டில் இருப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். சார்ஜ் தீரும் தறுவாயில் பந்து ஓரடி, இரண்டடி முன்னால் விழத் தொடங்கும், அதுதான் அறிகுறி. லெட்-ஆசிட் பேட்டரியைக் காலியாக விட்டுவைத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆடினாலும் ஆடாவிட்டாலும் சார்ஜ் ஏற்றியே வைக்கிறேன், மழை நாளிலும்கூட. லித்தியம் பேட்டரி எடை குறைவு, ஆனால் விலை அதிகம், விமானத்தில் அனுப்புவதிலும் கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கிருந்து 120 வோல்ட்டுக்கான சார்ஜர் வந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் செருகக் கூடாது. சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சர்வீஸ் என் மிகப் பெரிய வருத்தம். ரிமோட் வேலை செய்யாமல் போனபோது விற்றவருக்குப் போன் போட்டால், பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று ஒரு பதில், அனுப்பிவிட்டோம் என்று இன்னொரு பதில், அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளுக்கு இப்படி நடந்துகொள்வது சரியில்லை. கடைசியில் எங்கள் பகுதியில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் திறந்து பார்த்து, பேட்டரி முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, ஒரு ஸ்பிரிங்கை மாற்றி, அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். கடற்காற்றுப் பக்கம் இருக்கும் நமக்கு எல்லா உலோக முனைகளும் இப்படித்தான் ஆகும். மெஷினைத் தார்ப்பாயில் மூடி வெளியே வைக்காதீர்கள், வீட்டுக்குள் வையுங்கள்.

சத்தம் பற்றிக் கேட்பார்கள். மெஷினின் ரீங்காரம் பெரிதாகத் தெரியாது, பந்து ராக்கெட்டில் படும் சத்தம்தான் காலை வேளையில் முதல் மாடி வரை கேட்கும். சங்கச் செயலாளர் வந்து தன்மையாகச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு முன் ஆடுவதில்லை என்று பேசி முடித்துக்கொண்டோம்.

ஸ்லைஸ் தேறிவிட்டதா என்று கேட்டால், தேறியிருக்கிறது. போட்டியில் என் பேக்ஹேண்டைக் குறிவைத்து அடிப்பவர்கள் முன்பு அதிலேயே புள்ளி எடுத்துவிடுவார்கள். இப்போது அந்தப் பந்து திரும்பி அவர்கள் காலடியில் தாழ்வாகப் போய் நிற்கிறது, அவர்கள் குனிய வேண்டியிருக்கிறது. இதில் மெஷினுக்குப் பாதிப் பங்கு, சனிக்கிழமை மார்க்கருக்குப் பாதிப் பங்கு.

ஆட்டம் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். பிடியும் காலும் தவறாக இருந்தால் தொண்ணூறு முறை தவறாகவே பழகும், அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். இரண்டு பேர் அல்லது மூன்று பேர் சேர்ந்து, ஒரே கோர்ட்டில் வெவ்வேறு நேரத்தில் ஆடுவதாக இருந்தால், பங்கு போட்டு வாங்குவது நல்ல யோசனை. பந்துச் செலவும் பிரிந்துவிடும்.

பழைய மெஷின் கிடைத்தால் வாங்கலாம், நானும் அடுத்தது அப்படித்தான் பார்ப்பேன். பார்க்கப் போகும்போது உங்கள் பந்தையே கொண்டு போங்கள், ஒரே வயதுப் பந்தாக முப்பதாவது. இடவலம் திரும்புவதை அணைத்துவிட்டு, ஒரே அமைப்பில் முப்பதையும் போடச் சொல்லி, விழும் இடங்களைப் பாருங்கள். அகலத்தில் சிதறினால் உள்ளே ஏதோ ஆட்டம் காண்கிறது, வாங்க வேண்டாம். நீளத்தில் மட்டும் சிதறினால் சக்கரத்தைத் துடைத்தாலே சரியாகலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். சக்கர ரப்பரின் நடுவில் பந்து ஓடிய தடம் பள்ளமாக விழுந்திருந்தால் மாற்றுச் சக்கரத்தின் விலையை விசாரித்துவிட்டுப் பேசுங்கள். பேட்டரி எந்த வருஷம் மாற்றியது என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் புது பேட்டரியின் விலையையும் கழித்துக் கேளுங்கள். ரிமோட்டைப் பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று அழுத்திப் பாருங்கள், மெஷின் பக்கத்தில் நின்று அழுத்தினால் எல்லா ரிமோட்டும் வேலை செய்யும்.